‘ஆல்வேஸ்’ என்றால் நூற்றுக்கு எத்தனை?

கே: அம்மாவுக்குக் கழுத்தில் சின்னக் கட்டி. பார்த்த டாக்டர், “இட்ஸ் யூஷுவலி நத்திங்” என்று சொல்லிவிட்டு ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒன்றுமில்லை என்றால் ஸ்கேன் எதற்கு? (ஒரு வாசகி, பர்மிங்ஹாம்)

ப: அவர் உங்கள் அம்மாவின் கட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. இதுவரை வந்த கட்டிகளைப் பற்றிப் பேசினார். இப்படிக் கழுத்தில் கட்டியோடு வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் அம்மாவுக்கும் அநேகமாக ஒன்றுமில்லை. இந்த ‘ஆகவே’யை அவர் வாயால் சொல்லமாட்டார், நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர்களின் பழைய கைவரிசை இது. எதிரே இருக்கும் ஒன்றைப் பற்றி உறுதி கேட்டால், “இந்த மாதிரி விஷயம் எத்தனை தடவை எப்படி முடிந்தது” என்று கணக்கைச் சொல்வார்கள். ஆறுதலுக்கு ஆறுதலும் ஆச்சு, நாளைக்கு வேறு மாதிரி ஆனால் சொன்ன சொல்லும் பொய்க்காது. ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். அவருடைய மிச்சச் சந்தேகம் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

கே: ‘ஆல்வேஸ்’, ‘ஆல்மோஸ்ட் ஆல்வேஸ்’ இரண்டில் எதற்கு பலம் அதிகம்?

ப: அகராதியில் முதலாவதற்கு. பேச்சில் இரண்டாவதற்கு. “எங்கள் ரயில் எப்போதும் நேரத்துக்கு வரும்” என்கிறவரைக் கவிழ்க்க ஒரே ஒரு தாமதம் போதும். “அநேகமாகத் தவறாது” என்கிறவர் தவறிய நாளையும் எண்ணி வைத்திருக்கிறார் என்று தோன்றும், அதனாலேயே நம்பிவிடுவோம். 1878-இல் லண்டனில் அரங்கேறிய கில்பர்ட்–சல்லிவன் இசை நாடகம் ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’. அதில் கப்பல் கேப்டன், கடலில் தனக்கு ஒருபோதும் குமட்டியதில்லை என்று மார்தட்டுவார். மாலுமிகள் விடாமல் “ஒருபோதுமா?” என்று திருப்பிக் கேட்க, ‘ஹார்ட்லி எவர்’ என்று இறங்கிவருவார். அதற்கப்புறமும் மாலுமிகள் அவருக்கு ஜே போடுகிறார்கள். ஒப்புக்கொண்ட பொய்க்கு இவ்வளவு மரியாதை!

கே: ‘ஹார்ட்லி நெவர்’ என்று எழுதினேன், ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘ஆல்மோஸ்ட் நெவர்’ மட்டும் எப்படிச் சரியாகும்?

ப: ‘ஹார்ட்லி’ தன் வயிற்றிலேயே ஓர் ‘இல்லை’யை வைத்திருக்கிறது. ‘நெவர்’ இன்னோர் ‘இல்லை’. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இல்லை கூடாது என்பது பள்ளிக்கூட ஆங்கிலத்தின் சட்டம். ‘ஆல்மோஸ்ட்’டுக்கு அந்த உபாதை கிடையாது. ‘ஹார்ட்லி’க்குப் பக்கத்தில் ‘எவர்’தான் வரவேண்டும். அது நம் ‘ஒருபோதும்’ மாதிரி, பக்கத்தில் ஒரு இல்லை இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். “அவன் ஒருபோதும் வருவான்” என்று சொல்லிப் பாருங்கள், இல்லை இல்லாமல் அது ஏன் நிற்காது என்று புரியும்.

கே: பஸ்ஸைத் தவறவிட்டேன். “யூ கேன் ஆல்வேஸ் வாக்” என்கிறான் நண்பன். தினமுமா?

ப: இன்றைக்கு மட்டும். ‘வேறு வழியில்லாவிட்டால் கால் இருக்கிறது’ என்று அர்த்தம்.

கே: இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரே அடியாகச் சதவீதம் நிர்ணயித்துவிட்டால் என்ன?

ப: முயன்று பார்த்துவிட்டார்கள். ‘அடிக்கடி’ என்றால் எத்தனை அடிக்கடி என்று அமெரிக்காவில் 1944-இல் சிம்ப்சன் என்பவர் ஆட்களிடம் கேட்டு எண் வாங்கினார். 1968-இல் ஹேக்கல் அதையே மறுபடி செய்தார். பொதுவான வரிசை கிடைத்தது, ஆனால் ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு எண்.

ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளுக்கு அளவே வகுத்திருக்கிறார்கள். பக்கவிளைவு ‘காமன்’ என்றால் நூறு பேரில் 1 முதல் 10 பேருக்கு வரலாம். ‘ரேர்’ என்றால் பத்தாயிரத்தில் 1 முதல் 10 பேர். ‘காமன்’ என்று படித்ததும் தனக்கு வந்தே தீரும் என்று மாத்திரையைத் தூர வைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நூற்றில் தொண்ணூறு பேருக்காவது அது வராது!

இன்னொரு சிக்கல். கட்டிக்கும் காய்ச்சலுக்கும் முன்கணக்கு உண்டு. இதுவரை நடக்காத யுத்தத்துக்கு ஏது? 1951-இல் யுகோஸ்லாவியா மீது தாக்குதல் வருமா என்று அமெரிக்க உளவுத்துறை அறிக்கை எழுதியது. ‘யூஷுவலி’ போட வழியில்லை, ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று போட்டார்கள். அப்படியென்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, ஷெர்மன் கென்ட் என்ற மூத்த அதிகாரி தன் மனசில் இருந்தது 65 என்றார். பிறகு, சேர்ந்து எழுதிய சகாக்களை விசாரித்தால் 20-இல் தொடங்கி 80 வரை! ஒரே அறிக்கை, எல்லோரும் சம்மதித்த வாசகம். நொந்துபோன கென்ட் 1964-இல் கட்டுரை எழுதி, ‘ஏறக்குறைய நிச்சயம்’ என்பதற்கு 93 என்று விலை வைத்தார். கூடக்குறைய 6 தள்ளுபடி.

கே: “இருபடிச் சமன்பாட்டுக்கு யூஷுவலி இரண்டு தீர்வு” என்கிறது ஆங்கிலப் பாடநூல். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்றாகிவிடுமா? (கணக்கு வாத்தியார்)

ப: சார், இதே இருபடிச் சமன்பாட்டை உதாரணமாகக் காட்டி டேவிட் லூயிஸ் என்ற தத்துவ அறிஞர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘யூஷுவலி’, ‘ஆல்வேஸ்’ எல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். அவை எண்ணுவது நேர்வுகளை, நேரத்தை அல்ல என்றார். சமன்பாடுகளை வரிசையாக நிறுத்தினால் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு தீர்வு. முதல் கேள்வியின் டாக்டரும் கட்டிகளை இப்படித்தான் நிறுத்தி எண்ணினார்.

கே: ‘ஆல்மோஸ்ட் ஆல்வேஸ்’ஸைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘ஏறத்தாழ எப்போதும்’ என்றால் எடிட்டர் முறைக்கிறார். (மொழிபெயர்ப்பாளர்)

ப: நானும் முறைப்பேன். ‘அநேகமாக’ நல்ல சொல்தான், ஆனால் அதற்கு இரட்டை வேலை. “அநேகமாக எல்லா ஞாயிறும் வருவார்” என்றால் கணக்கு, “அநேகமாக நாளை வருவார்” என்றால் ஊகம். வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: “அவர் வராமல் இருப்பது அபூர்வம்.” பேச்சுநடை என்றால் “நூத்துக்குத் தொண்ணூறு வந்துடுவார்.” உங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு வேறு வழக்கு இருந்தால் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். மற்ற வாசகர்களும்தான்.