கிளைக்குக் கிளை ஒரு பழைய மேஸ்திரி

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் சங்கம் என்றாலே விருந்தும் கூத்தும்தானே? கட்டடக் கலைக்குத் தனிச் சங்கம் எதற்கு?

பதில்: கூத்துக்கு நேரம் கிடைத்தால்தானே! கட்டடக் கலை படிப்பவர்களுக்கு ராத்திரி முழுக்க வரைபலகைதான் துணை. இலினாய் பல்கலைக்கழகத்தில் ‘ஆர்க்கஸ் சொசைட்டி’, மிச்சிகனில் ‘சிக்மா அப்சிலான்’ என்று இரண்டு குழுக்கள் இருந்தன. 1914 ஏப்ரல் 11 அன்று சிகாகோவின் ஷெர்மன் ஹவுஸ் ஓட்டலில் கூடி, இரண்டும் ‘ஆல்ஃபா ரோ கை’ என்ற ஒரே சங்கமாயின. இலினாய் மண்ணும் அதற்குப் பொருத்தமானதே. அமெரிக்காவில் கட்டடக் கலையில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற நேதன் ரிக்கர், 1873இல் தேறியது அங்கேதான்.

கேள்வி: கிளைகளுக்கும் ஆல்ஃபா, பீட்டா என்றுதான் பெயரா?

பதில்: அது மற்றவர்கள் வழக்கம். இவர்கள் தொழிலின் முன்னோர்களையே கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். இலினாய் கிளையின் பெயர் ஆந்தெமியோஸ். கான்ஸ்டான்டிநோபிளில் ஹேகியா சோஃபியாவை 532இல் எழுப்பத் தொடங்கிய இருவரில் ஒருவர். மிச்சிகன் கிளை, பார்த்தெனானை உருவாக்கிய இக்டினோஸ். மினசோட்டாவுக்கு ஏதென்ஸ் கோட்டைவாசலைக் கட்டிய ம்னெசிக்ளெஸ். பென்சில்வேனியா ஸ்டேட்டில் ரோமானியரான விட்ருவியஸும் வந்து சேர்ந்தார். நேற்றுச் சேர்ந்த மாணவனும் தன் கிளையின் பெயரைச் சொல்லும்போதே ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். இதைவிட நல்ல பாடத்திட்டம் ஏது?

கேள்வி: பெண்களைச் சேர்த்தார்களா?

பதில்: நெடுங்காலம் சேர்க்கவில்லை. அது பெரும் குறைதான். ஆனால் பெண்கள் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கவில்லை. 1915இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவியர் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அது 1922இல் ‘ஆல்ஃபா ஆல்ஃபா காமா’ என்ற தேசியச் சங்கமாக வளர்ந்தது. பிற்பாடு அதுவே கட்டடக் கலைப் பெண்கள் சங்கமானது.

1972இல் கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. விருந்துக்கும் நட்புக்கும் கூடும் சங்கங்கள் 1974இல் விலக்கு வாங்கிக்கொண்டன. தொழில்முறைச் சங்கங்களுக்கு அந்த விலக்கு இல்லை. தொழிலுக்கான வாசல் அல்லவா, அதை அடைத்து வைக்க எப்படி விடுவார்கள்! இன்று ஆல்ஃபா ரோ கை இருபாலருக்கும் பொது.

கேள்வி: சங்கத்தில் சேராத மாணவருக்கு இதனால் என்ன லாபம்?

பதில்: ஒரு பதக்கம் உண்டு! 1931இல் ஏற்படுத்தியது. தலைமைப் பண்பு, கல்லூரிக்குச் செய்த தொண்டு, தொழிலில் பிரகாசிப்பார் என்ற நம்பிக்கை, இவற்றைப் பார்த்துப் பட்டம் பெறும் மாணவர் ஒருவரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர் அட்டையை யாரும் கேட்பதில்லை.