கொஞ்சம் தள்ளிக்கங்க தாத்தா

சீனாவின் ஹெங்டியனில் பெய்ஜிங் அரண்மனையையே செட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். போலி என்று தெரிந்துதான் கூட்டம் போய்ப் படமெடுக்கிறது. கோலார் தங்கவயலில் கதையே வேறு. 2018இல் ராக்கி பாயை நாயகனாக்கி ‘கே.ஜி.எஃப்’ படம் வந்தாலும் வந்தது, அங்குள்ள மைசூர் மைன்ஸ் பக்கம் பைக்கில் வரும் பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான்: “தாத்தா, ராக்கி பாய் செட்டு எங்க?”

செட்டு என்றால் படம் முடிந்ததும் பிரிப்பதுதானே! மிச்சமிருப்பது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடும், 2001இல் மூடிய நிஜச் சுரங்கமும். 1902இலேயே சிவனசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர் இது. படத்தில்தான் என்னமோ ஒரே கரியும் இருட்டும்.

“மூணு கிலோமீட்டர் ஆழம்ப்பா. நானே உள்ள எறங்குனவன்.”

“அப்படியா? கொஞ்சம் தள்ளிக்கங்க தாத்தா, ஃப்ரேம்ல வர்றீங்க.”