வார்த்தை வஸ்தாது

வார்த்தை வஸ்தாது என்பவர் புதுச் சொற்களைக் கட்டி ஊருக்குள் உலவ விடும் ஆசாமி. சென்னையில் இவ்வினம் மிகுதி. கல்லூரி விடுதி, டீக்கடை பெஞ்சு, பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகம் ஆகியவை இவருடைய இருப்பிடங்கள். வகுப்பில் கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்காருவார். முன் வரிசையில் பேச முடியாது. கடைசி வரிசையில் தூக்கம் வந்துவிடும்.

இவரிடம் அகராதி கிடையாது. தொழில் நடப்பது பெரும்பாலும் ஐந்து வினைச்சொற்களை வைத்துத்தான்: அடி, போடு, விடு, வாங்கு, கொடு. சைட், பிட், ஓபி ஆகியவற்றை அடிக்க வேண்டும். கடலை, சீன், மொக்கை ஆகியவற்றைப் போட வேண்டும். பீட்டர், ஜொள்ளு, ரீல் ஆகியவை விடத் தக்கவை. பல்பும் ஜகாவும் வாங்கத் தக்கவை. அல்வாவும் டிமிக்கியும் கொடுக்கத் தக்கவை. எந்தப் பெயர் எந்த வினையோடு சேரும் என்பதற்கு நன்னூலில் சூத்திரம் இல்லை. ஆயினும் ஒருவர் ‘கடலை விட்டேன்’ என்று சொல்லிவிட்டால் விடுதியே திரும்பிப் பார்க்கும். பேசியவர் பேராசிரியராகவோ வேவு பார்க்க வந்தவராகவோ இருக்கலாம் என்று உடனே முடிவு கட்டப்படும்.

வஸ்தாதுக்குத் தொழில்முறைப் போட்டி கலைச்சொல்லாக்கக் குழு. குழு கூடி, வேர்ச்சொல் ஆராய்ந்து, பல சுற்று விவாதத்துக்குப் பின் ஒரு சொல்லை வெளியிடும். அப்படி ஆக்கப்படும் சொல் ‘பேருந்து’ போல பாடநூலிலும் பெயர்ப்பலகையிலும் கம்பீரமாக ஏறி நிற்கும். அந்தப் பலகையின் கீழே நிற்பவர் “பஸ் வந்துருச்சா?” என்று கேட்பார். வஸ்தாதின் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் இல்லை, அமர்வுப் படியும் இல்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவானது டீ மட்டுமே.

தனியாக உட்கார்ந்து எந்தச் சொல்லையும் வஸ்தாது முடிப்பதில்லை. அவர் ஒன்றைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தப்பாகக் காதில் வாங்குவார். மூன்றாமவர் அந்தத் தப்பை வேறொரு விஷயத்துக்குப் பொருத்துவார். நான்காமவர் அதுதான் சரி என்று சண்டைக்கு நிற்பார். சொல் பிறந்துவிடும். 2001-இல் வெளிவந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில், காண்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலு ஆணி பிடுங்கும் வேலையில் படும் பாடு இதற்கு நல்ல சான்று. படத்தில் ஆணி வெறும் ஆணிதான். மென்பொருள் ஊழியர்கள் கைக்கு வந்த பிறகு அது அலுவலக வேலை அனைத்துக்கும் பெயராயிற்று. “இன்னிக்கு ஆணி ஜாஸ்திடா, டின்னருக்கு வரல” என்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் கேட்பவருக்குப் புரிந்தது. 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தபோது, அயல்நாட்டார் உண்மையாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று கவலைப்பட்டனர். வேலைக்கு ஆணி என்று முதலில் பெயர் வைத்தவர் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பலர் சேர்ந்து செய்ததால் பட்டயம் யாருக்கும் இல்லை.

புதுச் சொல்லுக்குக் கிராக்கி உண்டாவது, மனிதர்கள் புது இடத்தில் கால் வைக்கும்போது. கல்லூரி திறந்த முதல் மாதம், ‘ஏலே’ என்று நெல்லைக்காரர் கூப்பிட கோவைக்காரர் ‘சொல்லுங்க’ என்பார். மரியாதை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இருவருக்கும் விளங்காது. தீபாவளிக்குள் விடுதிக்கென ஒரு பொதுப் பேச்சு தயாராகிவிடும். பிளஸ் டூ மதிப்பெண், அப்பாவின் உத்தியோகம், வீட்டில் கார் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பேச்சில் தெரியாது. எல்லாரும் ‘மச்சி’ ஆகிவிடுவதால் எல்லாருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

விழுந்தவர் எழுந்திருக்கவும் இச்சொற்கள் உதவும். அவமானப்பட்டேன் என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். பல்பு வாங்கினேன் என்றால், “நான் போன வாரமே வாங்கிட்டேன் மச்சி” என்று அவர் தம் பல்பை எடுத்துக் காட்டுவார். துக்கம் அதோடு தீர்ந்தது. வேலையை விடுவதும் அவ்வாறே. ராஜினாமா என்றால் வீட்டில் மூன்று நாள் மௌனம். “பேப்பர் போட்டாச்சு” என்றால் நண்பர்கள் ட்ரீட் எங்கே என்று கேட்பார்கள். ஒரு முடிவை ஆரம்பமாக மாற்ற வஸ்தாதுக்கு ‘போடு’ என்ற ஒரு வினை போதும்.

இவருடைய முன்னோர் மெட்ராஸ் பாஷை பேசியவர்கள். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் ஒரே தெருவில் மூட்டை தூக்கி, ரிக்‌ஷா இழுத்து, விலை பேசியபோது உண்டான பேச்சு அது. நாஸ்தாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்தன. துட்டு டச்சுக்காரர்களின் செப்புக் காசிலிருந்து வந்தது. படித்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தனர். ஆனால் 1958-இல் ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபுவும், 1972-இல் ‘காசேதான் கடவுளடா’வில் போலிச் சாமியாராகத் தேங்காய் சீனிவாசனும் அதையே பேசியபோது டிக்கெட் வாங்கிப் போய்ச் சிரித்தனர். தெருவில் இலவசமாகக் கிடைத்ததன் அருமை அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சொல்லின் முதுமைக்கும் படிகள் உண்டு. வகுப்பிலிருந்து ஜூனியர்களுக்கும், அங்கிருந்து சினிமா வசனத்துக்கும், பிறகு தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கும், அடுத்து நகைக்கடை விளம்பரத்துக்கும் அது போகும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாம்பாரைச் சுவைத்துவிட்டு “வேற லெவல்” என்பார். மகன் அன்றோடு அச்சொல்லைக் கைவிடுவார். துட்டு போன்ற சில மட்டும் எல்லா அப்பாக்களையும் தாண்டி உயிரோடு இருக்கின்றன. மற்றவற்றின் இடத்தை நிரப்ப வஸ்தாது மறுநாளே டீக்கடைக்குப் போயாக வேண்டும்.

ஆகவே இத்துறையில் எழுதப்படும் எதுவும் அச்சேறும் முன்பே பழசாகிவிடும். இங்கே வந்த சொற்கள் அனைத்தும் வாசகருக்குத் தடங்கலின்றிப் புரிந்திருந்தால், அவற்றை வீட்டுப் பிள்ளைகள் முன்னால் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.