ஆட்டின் முட்டும் ஆட்டத்தின் நீளமும்

நீண்ட வீடியோ கேம் ஆடுபவனின் பொழுதுக்கு ஈடாகுமா என்ற வழக்கை விசாரிக்க முதலில் ஓர் அளவை வேண்டும். அது திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தயாராக இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மேத்தன் மணி என்ற பொம்மைக் கடிகாரத்தில், மணியடிக்கும் நேரம் தாடிக்காரர் வாயைப் பிளப்பார். இரு பக்கமும் நிற்கும் ஆடுகள் அவர் கன்னத்தில் முட்டும். எனவே ஒரு மணி நேரம் ஒரு ‘முட்டு’ என்க. தமிழில் ‘ஆடு’ விலங்குமாகி ஏவலுமாகி நிற்பதால் இலக்கணமும் இதற்குத் துணை.

போர்ட்டல் (2007) ஏறத்தாழ மூன்று முட்டு. பெர்சோனா 5 நூறு முட்டு. நூறு வாங்கியும் கன்னத்தைத் தடவிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு.

நீளமே குற்றம் என்பது இவ்வூரில் எடுபடாது. கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறஜபம் என்ற வேதப் பாராயணம் 56 நாள் நடக்கிறது. உண்ணாயி வாரியரின் நளசரிதம் நாலு நாள் கதகளி. அதில் நளன் கையில் அன்னமே சிக்குகிறது. ஓர் இறகுகூடப் பிடுங்காமல் விட்டுவிடுகிறான். அசாசின்ஸ் கிரீட் 2இல் (2009) கூரை கூரையாக ஏறி நூறு இறகு பொறுக்கலாம். குற்றம் அந்தப் பொறுக்கலில்தான்.

நேர்மைக்கு உரைகல் டெசர்ட் பஸ். பென், டெல்லர் என்ற மந்திரவாதிகளின் குறும்பு. 1995இல் உருவாகியும் அப்போது கடைக்கு வரவில்லை. டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்கு நிஜ நேரத்தில் எட்டு முட்டு. மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாது. வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், கையை எடுக்க முடியாது. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. தரப்போவது ஒன்றுதான் என்று மறைக்காத ஆட்டத்தை நான் மதிக்கிறேன்.

இனி கள ஆய்வு. கோவளம் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பையன் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற ஆட்டத்தில், கேஎஸ்ஆர்டிசி வண்ணம் பூசிய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. முட்டுக் கணக்கு செல்லாது.

“பஸ் வந்துடுத்துடா, ஏறு!” என்றாள் அம்மா.

“இரும்மா, நானும் பஸ்தானே ஓட்டறேன். நடுரோட்டுல எப்படி விட்டுட்டு வர்றது?”

கோவளம் பஸ் போய்விட்டது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “எதிர்ல லாரி வர்றது பாரு, ஹாரனை அடி.”