சட்டப்படி ஒரு லாட்டரி

2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். கூலிக்காரன் காசு பாழாகிறது, குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிறது என்றார்கள். நல்ல காரியம். பத்து வருடம் போனதும் அதே கூலிக்காரனுக்கு அரசே வேறொரு லாட்டரி நடத்த ஆரம்பித்தது. இதில் காசு வைத்து ஆட வேண்டாம். பிள்ளையை வைத்தால் போதும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12(1)(சி). தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பு இடங்களில் 25 சதவீதம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு. விண்ணப்பம் கூடிவிட்டால் குலுக்கல். வெயிலில் பள்ளி வளாகம், ஒரு பிளாஸ்டிக் டப்பா, நாலாக மடித்த துண்டுச்சீட்டுகள். கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் கையை விடச் சொல்கிறார்கள். பெயர் வந்த அம்மா குலசாமியைக் கும்பிடுகிறாள். வராத அம்மா, எல்லாரும் கலைந்த பிறகும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உரிமையை எங்கேயாவது குலுக்கி எடுப்பார்களா? ரேஷன் அரிசியைக்கூட அரிசி அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும்தானே போடுகிறார்கள்!

ஜெயித்தவர்கள் பாடு மட்டும் என்ன? வேன் கட்டணம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா என்று பள்ளிகள் நீட்டுகிற ரசீதுகள் தனி. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கருணையும் தீர்ந்துபோகிறது. எல்.கே.ஜி.யிலிருந்து பத்து வருடம் கூடவே படித்த பிள்ளையிடம், ஒன்பதாம் வகுப்பு வாசலில், ‘முழுப் பீஸைக் கட்டு, இல்லையென்றால் டி.சி.யை வாங்கிக்கொள்’ என்று சொல்லலாம்.

பக்கத்துத் தெருவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதற்கும் இதே சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு கணக்கு உண்டு: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளப் பதிவேற்றத்துக்காகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் சிக்னல் தேடுகிறார். இன்னொருவர் ஒரே அறையில் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’னா, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் என்று வாய் வலிக்கக் கத்துகிறார். இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் தனியார் பள்ளிக்கு ஓடினால், அதற்குப் பெயர் ‘பெற்றோரின் தேர்வு’. வீடு பற்றி எரியும்போது வெளியே ஓடிவருகிறவனைப் பார்த்து, ‘ஐயாவுக்குக் காற்று வாங்கும் பழக்கம் உண்டு’ என்பது மாதிரி.

அந்த ஓட்டத்துக்கான பீஸை அரசே கட்டுகிறது. பிறகு, சேர்க்கை குறைந்துவிட்டது என்று தன் பள்ளியை இழுத்து மூடுகிறது. கேட்டால் ‘இணைப்பு’ என்கிறது. வந்த வாடிக்கையாளர் கையில் காசைத் திணித்து எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டு, வியாபாரம் மந்தம் என்று ஷட்டரை இறக்கும் முதலாளியை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

2025-இல் அந்த டப்பாவும் நேரத்துக்குத் திறக்கவில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. பணம் வராமல் சேர்க்கை இல்லை என்று மாநில அரசு கையை விரித்தது. டெல்லி மிரட்டியது, சென்னை முறைத்தது; நடுவில் நின்றது மூன்று வயதுப் பிள்ளை. விவகாரம் நீதிமன்றம்வரை போய், காலாண்டு விடுமுறையும் கழிந்து, அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. யாருக்கு? ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு! ஜூனில் பீஸ் கட்ட முடிந்தவர்தான் அக்டோபரில் ஏழை. கட்ட வழியில்லாதவர் எந்தக் கணக்கில் வருவார் என்பதைக் கோட்டையில்தான் கேட்க வேண்டும்.

தீர்வு தெரியாமலும் இல்லை. 2015 ஆகஸ்ட் 18 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு ஓர் உத்தரவு போட்டது. அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள், நீதித் துறையினர் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். தனியாரில் சேர்த்தால், அங்கே கட்டும் பீஸ் அளவுக்கு அரசுக்கும் கட்ட வேண்டும். கெடு ஆறு மாதம். அந்தச் சேர்க்கைக்குக் குலுக்கல்கூடத் தேவையில்லை. உத்தரவு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.