சாரின் கைராசி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் நடக்கிறது எங்கள் வேலை. அங்கே பில்ட் என்றால் சாரின் பெயர்தான் முதலில் வரும். அது நியாயம்தான். எழுத்து அட்டவணையை உருவாக்கித் தரும் ஸ்கிரிப்ட் அவருடைய மடிக்கணினியில் மட்டுமே இருக்கிறது. ரெப்போவில் போட்டால் யாராவது கெடுத்துவிடுவார்களே என்று கண்ணுக்குள் வைத்துக் காக்கிறார். அவர் விடுப்பு எடுத்தால் எங்களுக்கும் ஓய்வு. தன்னோடு சேர்த்து எல்லோருக்கும் விடுப்பு வாங்கித் தரும் தலைவர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

பழைய நிலப் பத்திரங்களின் அளவைக் கணக்கிடுவது எங்கள் மென்பொருள். சிதம்பரம் பக்கத்துப் பத்திரம் என்றால் வேலி, மா, குழி என்றுதான் வரும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பின்னக் கணக்கில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடில் ஏறியதே 2019 மார்ச்சில், 12ஆம் பதிப்பில்தான். யூனிகோட் கூட்டமைப்பு வெளியிடும் தரவுக் கோப்பில் எழுத்துக்கு ஒரு வரி. பின்னக் குறியின் வரியில் அதன் மதிப்பும் இருக்கும். அதைப் படித்து ஸ்கிரிப்ட் சி கோடை எழுதிவிடும். புதிய தரவுக் கோப்பை வைத்து ஒருமுறை ஓட்டினால் போதும்.

அவ்வளவு சுலபமான வழியில் போகிறவரா சார்? உருவான கோப்பின் தலையில் 'டு நாட் எடிட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கெல்லாம் அஞ்சாமல் உள்ளே போய், மாவுக்கு நேரே 1/20 என்று தன் கையாலேயே எழுதினார். காணியும் முந்திரியும் அன்றைய பத்திரத்தில் இல்லை, அதனால் சேர்க்கவில்லை. அப்படி ஒரு சிக்கனம்.

பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக அவரே ஸ்கிரிப்டை ஓட்டினார். தரவுக் கோப்பு இன்னும் 11ஆம் பதிப்புதான். கையால் எழுதிய வரி போன இடம் தெரியவில்லை. பில்ட் பச்சை. இரண்டு வேலியும் ஒரு மாவும் கொண்ட நிலம், இரண்டு வேலி என்று வந்து நின்றது. ஒரு மாவுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் ஏறும் குடும்பங்கள் உண்டு. சார் அதை ஒரே பில்டில் பைசல் பண்ணிவிட்டார்.

பைதான் திட்டத்திலும் உருவான கோப்புகள் ரெப்போவில்தான் இருக்கின்றன. ஆனால் தானியங்கிச் சோதனை அவற்றில் பலவற்றை மறுபடி உருவாக்கி, இருப்பதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் நிறுத்திவிடும். சாரிடம் உள்ள தன்னம்பிக்கை அவர்களிடம் இல்லை, பாவம்.

2024இல் எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்வாசல் வைத்தவருக்கும் இப்படிப்பட்ட நம்பிக்கைதான் கைகொடுத்தது. கிட்டில் இல்லாத வரிகளை வெளியீட்டுத் தொகுப்பின் பில்ட் கோப்பில் செருகினார். அந்தத் தொகுப்பில் தானாக உருவாகும் கோப்புகள் நிறைய. வித்தியாசம் சகஜம் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவியதால் அகப்பட்டது. எங்கள் அட்டவணையில் எந்த வரி இயந்திரத்துடையது, எது சாருடையது என்று அந்த ஃப்ராயிண்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்கிரிப்டை ரெப்போவில் போடுங்கள், தரவுக் கோப்பின் பதிப்பை மேக்ஃபைலில் எழுதுங்கள் என்று கேட்டேன். "நான் இருக்கேனே" என்றார். நூறாண்டு இருக்கட்டும். அந்த மடிக்கணினிக்கும் அதே ஆயுள் வேண்டும்; இருவருக்கும் ஒருநாளும் காய்ச்சல் வரக்கூடாது.