தூண்டிலும் தட்டோடும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டிய வீட்டில் இருந்து பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பால் காய்ப்புக்கு வந்தவர்கள் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போன மறுநாள்தான் கணக்கு தொடங்குகிறது. குளியலறையில் தண்ணீர் வாட்டம் கதவைப் பார்த்து இருக்கிறது. மோட்டாரைப் போட்டால் பூஜையறை விளக்கு கண்சிமிட்டுகிறது. மாடிக் கதவு போன வாரம் வரை அடைந்தது, இந்த வாரம் மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் ஒரு திருநெல்வேலிக்காரர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினால் தெருவே ஒரே குரலில் கேட்கும்: "வீட்டுல அவ்வளவு கெடக்கு, ஆத்துல என்ன சோலி?" கேள்வி நியாயமானது போலத் தெரியும். அதில் நியாயம் இல்லை என்பது என் கட்சி. வீட்டு வேலையும் மீன்பிடிப்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்காக அடித்துக்கொள்ளும் பங்காளிகள் என்று நினைப்பவர்கள் தாமிரபரணியின் பஞ்சாங்கத்தைப் பார்க்காதவர்கள். இங்கே பாகப்பிரிவினை எப்போதோ முடிந்துவிட்டது. நீர்மேல் எழுத்துதான், ஆனாலும் செல்லுபடியாகும் பத்திரம்.

மீன்பிடிப்பு என்றால் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல்நாட்டில் புதுவீட்டுக்காரர் ஓடைக்கு எடுத்துப் போவது ஈத்தூண்டில். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப் பூச்சி ஒன்று செய்து, அதைத் தண்ணீரின்மேல் உட்காரவைத்து மீனை ஏமாற்றும் வித்தை அது. மாசிடோனியாக்காரர்கள் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி இப்படிப் பிடித்ததை ஏலியன் என்ற ரோமானியர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் இந்த வித்தை நீலகிரியோடு நின்றுவிட்டது. அங்கே ட்ரவுட் மீனைக் குடியேற்ற பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1863இல் முயன்றார், பலிக்கவில்லை. மீன் வேர்பிடித்தது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். குளிர்ந்த நீர் கேட்கும் மீன் அது. நெல்லைச் சித்திரையில் ஆற்றில் இறக்கினால் குழம்புக்கு அடுப்பு தேவைப்படாது. ஈ கட்டப் பேர்போன சரக்கு மயிலிறகின் இழை என்பதையும், வயலோரத்தில் வீடு கட்டியவருக்கு அந்தச் சரக்கு தானே மொட்டைமாடிக்கு நடந்துவந்து பூந்தொட்டியைக் கிளறிவிட்டுப் போகும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஈத்தூண்டில் வீசுகிறவர் நூலை முதலில் முதுகுக்குப் பின்னால் பறக்கவிட வேண்டும். தாமிரபரணிக் கரையில் முதுகுக்குப் பின்னால் மருதமரம் நிற்கும், மரத்துக்கும் ஆளுக்கும் நடுவே வேட்டி காயும், மிஞ்சிய இடத்தில் எண்ணெய் தேய்த்த ஒருவர் குளிக்க இறங்கிக்கொண்டிருப்பார்.

அதைவிடப் பெரிய காரணம் மனசு. ஈத்தூண்டில்காரருக்குக் கண்ணும் கையும் ஒரு நொடி விலகக் கூடாது. புதுவீட்டுக்காரரிடம் இல்லாத சரக்கு அந்த முழு மனசுதான். நம் தூண்டில் அதைக் கேட்பதில்லை. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மண்புழு, ஒரு தக்கை. தக்கை ஆடாமல் நிற்கும்வரை அரை மனசு போதும். மற்ற அரை மனசில் காம்பவுண்டுச் சுவருக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போடலாம், போட்ட கணக்கைப் பார்த்துத் திடுக்கிடலாம். மீனும் திடுக்கிட்டு ஓடாது. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டிலைப் பற்றி 1873இல் ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அது போதாதென்று, குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் இன்னொன்று. உத்தியோகத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு எழுத முடிந்ததென்றால், ஒழுகும் கூரையைப் பார்க்க வேறு ஆள் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆற்றுக்குப் போனால் ஆள் அங்கேயே கிடப்பார் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. கிடக்க இடம் இல்லை. பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இலிருந்து அங்கே புலிக்கு இருக்கும் உரிமை தூண்டிலுக்கு இல்லை. பாபநாசம் படித்துறை மீன்கள் சாமி மீன்கள். பொரி வாங்கிப் போடலாம், முள் போட்டால் ஊர் போடும். குளங்களுக்கு வந்தால் மீன்பாசி ஏலம். ஏலம் எடுத்தவர் கரையில் நிற்பார், அவர் பார்வையே வலை. ஆற்றின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று உண்டு. டாகின்சியா தாம்பிரபர்ணியை என்பது அதன் அறிவியல் பெயர். கடவுள் இல்லை என்று புத்தகம் எழுதிய ரிச்சர்ட் டாகின்ஸின் பெயரை 2012இல் அதற்கு முன்பெயராக வைத்தார்கள். அகத்தியர் மலையில் பிறந்த மீனுக்கு இப்படி ஒரு ஜாதகம்! வேறு ஆற்றில் இல்லாத மீன் என்பதால் அது சிக்கினால் திரும்ப விட்டுவிடுவதே மரியாதை. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சமவெளியில் ஆற்றின் ஆழமான சில கசங்களும் கால்வாய்க் கரைகளும், அவற்றில் ஜிலேபிக் கெண்டை, கெளுத்தி, யோகமிருந்தால் விரால். இதை நம்பி யாரும் குடும்பத்தைக் கைவிட முடியாது.

இனி பஞ்சாங்கம். புதுமனை புகுவதற்கு ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது. ஆகையால் கூட்டமாகப் பால் காய்ப்பது தையில். தையில் குடிபோனவரின் வீட்டை மழை முறையாகச் சோதிக்க ஐப்பசி வரவேண்டும். ஒன்பது மாதம் அவர் ஒழுகாத கூரைக்குக் கீழே வசிப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். ஆறு தெளிந்து, தக்கை கண்ணுக்குத் தெரிந்து, தூண்டிலுக்கு வாகாக இருப்பதும் பெரும்பாலும் அதே ஒன்பது மாதம்தான். ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் கால்வாய்களில் ஓட்டம் வரும், மீன் இடம் மாறும், பின்னாலேயே தூண்டிலும் இடம் மாறும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, புது ஜன்னல் பெயிண்டில் ஊர்ப் புழுதி முழுவதும் ஒட்டும். அதற்கு ஈரத்துணி போதும், ஆள் தேவையில்லை. பிறகு வடகிழக்குப் பருவமழை. அன்றுதான் வீடு பரீட்சை எழுதும். மேல்மாடித் தட்டோட்டின் இடுக்கில் இறங்கிய தண்ணீர், இறங்கிய இடத்தில் ஒழுகாமல் மூன்று அறை தள்ளி, விருந்தினர் படுக்கும் கட்டிலுக்கு நேர்மேலே சொட்டும். ஓதம் ஏறும், சுவரில் உப்புப் பூக்கும். அதே வாரங்களில் ஆறு செம்மண் நிறத்தில் கரைபுரண்டு போகும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியபோது, ஆற்றைப் பார்க்கப் போனவர்களைத் தேடி ஆறே வீட்டுக்கு வந்தது. அதில் உயிரையும் உடைமையையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி வேடிக்கை பேச ஒன்றுமில்லை. சொல்ல வருவது இதுதான்: வீடு ஆளைக் கேட்கும் காலத்தில் ஆறு தூண்டிலை விரட்டுகிறது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிற்றா என்று பார்க்கப் போகலாம். புழுவோடு போக முடியாது.

இங்கே ஒரு கெட்டிக்காரர் குறுக்கே வருவார். ஒழுகும் தட்டோட்டை மழையில் எடுத்துப் பதிக்க முடியுமா? பழுது பார்ப்பது கோடையில்தானே, மீனும் கோடையில்தானே, அப்புறம் என்ன பாகப்பிரிவினை? நல்ல கேள்வி, இதற்கு மாதக் கணக்கு போதாது, மணிக்கணக்குப் பார்க்க வேண்டும். கோடையில் மீன் கடிப்பது விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை. கொத்தனார் வருவது ஒன்பது மணிக்கு மேல். இதில் மோதல் எங்கே? மோதல் என்று தோன்றுவது, கொத்தனார் ஒன்பது மணிக்கு வருவார் என்று ஆறு மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு. "நாளைக்குக் காலையில வந்துருதேன் அண்ணாச்சி" என்ற வாக்கியத்தில் நாளை என்பது கிழமை அல்ல, ஒரு நல்லெண்ணம். பிளம்பரின் நல்லெண்ணம் இன்னும் ஆழமானது. புதுவீட்டுக்காரரின் நேரத்தை எடைபோட்டால், சுத்தியலும் கரண்டியும் பிடித்த நேரம் கால்வாசி தேறாது. மிச்சம் எல்லாம் காத்திருப்பு. காத்திருப்பதற்கு மனிதன் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தூண்டிலைவிட மேலானது கிடையாது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பவருக்கு ஒன்பதரைக்குக் கோபம் வரும். ஆற்றில் காத்திருந்துவிட்டு வருகிறவருக்கு வராததன்மேல் கோபப்படும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். கொத்தனார்களும் இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் திரும்ப வருவார்கள்.

இன்னொரு ஆட்சேபம் சரித்திரத்திலிருந்து வரும். ஈத்தூண்டிலைப் பற்றி ஆங்கிலத்தில் பேர்போன நூலொன்றை 1676இல் எழுதிய சார்லஸ் காட்டன் சொந்த மாளிகை வைத்திருந்தவர். 1674இல் டவ் நதிக்கரையில் மீன்பிடிப்பதற்கென்றே ஒரு குட்டி வீடும் கட்டினார். பிறகு கடனில் முழுகி 1681இல் மாளிகையை விற்றார். பார்த்தீர்களா, தூண்டில் வீட்டைத் தின்றுவிட்டது என்பார்கள். சாட்சியை முழுவதும் விசாரிக்க வேண்டும். அவர் கைக்குச் சொத்து வந்ததே வில்லங்கத்தோடுதான். புழுவும் நூலும் வாங்கி எவரும் ஜப்தி வரை போனதில்லை. இரண்டாவது வீடு கட்டினால் போகலாம். மேலும், விற்ற மாளிகை பிறகு இடிந்துபோயிற்று, அந்த மீன்பிடி வீடு இன்றும் நிற்கிறது. சந்தையில் மீன் மலிவாகக் கிடைக்கும்போது ஆற்றில் எதற்கு என்பவருக்கு ஒரே பதில்: ஓட்டலில் இட்லி கிடைக்கும்போது வீட்டில் கிரைண்டர் எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டையும் தனித்தனி விஷயம் என்று பேசுவதே பிழை. வீடு பிறந்ததும் முதலில் செய்வது குளமாவது. கான்கிரீட் போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் என்கிறது இந்தியத் தரக்குறியீடு. மீன் மட்டும்தான் பாக்கி. எம்-சாண்ட் வருமுன் கட்டிய சுவரைச் சுரண்டினால் உதிர்வது ஆற்றுமணல். கெளுத்தி கிடந்த மேடும் பள்ளமும் லாரியேறி வந்து படுக்கையறையாகியிருக்கிறது. வீட்டுக்காரரும் தூண்டில்காரரும் நாளிதழில் தேடுவதும் ஒரே மூலையைத்தான்: பாபநாசம் 143 அடியில் எவ்வளவு, சேர்வலாறு 156இல் எவ்வளவு, மணிமுத்தாறு 118இல் எவ்வளவு. ஒருவருக்கு அது குழாயில் தண்ணீர் வருமா என்பது, மற்றவருக்கு கசத்தில் எவ்வளவு ஆழம் என்பது. திருநெல்வேலி வீட்டில் கெட்டுப்போவதும் பெரும்பாலும் தண்ணீர்தான்: வரவேண்டிய இடத்தில் வராத தண்ணீர், வரக்கூடாத இடத்தில் வந்த தண்ணீர். 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி உண்மையிலேயே தண்ணீர் குடிக்கிறதா, அல்லது வரைபடத்துக்காக வெட்டி மூடியதா என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே சுழலும், எதன் அடியில் நுழையும் என்று கரையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அது தெரியும்.

அந்தக் கண் இன்னொரு வேலையும் செய்யும், அது அவ்வளவு இனிமையான வேலை அல்ல. ஊருக்குள் நுழையும் கால்வாயில் தூண்டில் போட்டவர் ஒரு நாள் தக்கைக்குப் பக்கத்தில் சோப்பு நுரை மிதப்பதைப் பார்ப்பார். நுரை வரும் வழியைக் கண்ணால் மேலே தொடர்ந்தால் ஒரு குழாய் வாய், அதற்கு மேலே ஒரு தெரு, தெருவில் வரிசையாகப் புதுவீடுகள். கழிவுத்தொட்டி நிறைந்ததும் வழிய ஒரு வழி வைத்துவிடுவதாகக் கட்டும்போது யாரோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வரும். அன்று அவர் கடி வந்ததைக்கூடக் கவனிக்காமல் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவார். ஒன்பது மணி ஆகியிருக்காது, கொத்தனாரும் வந்திருக்க மாட்டார். மண்வெட்டியை எடுத்து, பின்வாசலில் குழாய் போகும் திசையில் தானே தோண்ட ஆரம்பிப்பார்.